உள்ளங்கை அளவு சூடு

பெப்ரவரி மாதம்... மாலை ஆறு மணி. எல்வெறும் கழிந்து வடக்கே போகும் மூன்றாம் இலக்க வீதி. இரண்டு பக்கமும் காடு. முன்னாலும் வாகனம் இல்லை, பின்னாலும் இல்லை. மரம் ஏற்றிய லொறி ஒன்று எதிரே வந்து, பனித்தூளைக் கண்ணாடியில் அள்ளி அடித்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அரைமணி நேரத்துக்கு அதுவும் இல்லை.

வெளியே மைனஸ் பத்தொன்பது. காருக்குள் குகநேசன் தனியே. காருக்குப் பின்னால் கொளுவிய ஹெங்கர், சாமான் ஏற்றும் இழுவை வண்டி, வெறுமையாக ஆடி ஆடி வந்தது. அதன் சங்கிலி தட்டியது. டிங்... டிங்... டிங்.

நீங்கள்தானே கேட்டீர்கள், இன்று பின்னேரம் மண்டபத்தில் கதிரை அடுக்கும்போது அந்த மனிதர் ஏன் வலது கையில் மட்டும் கையுறை போட்டிருந்தார் என்று. அதுவும் ஓகஸ்ட் மாதத்தில். அவர்தான் இந்தக் குகநேசன். கேட்டதற்குக் கதை இதுதான். பூக் கட்டுகிற கை நிற்க வேண்டாம், நாளைக்கு மாப்பிள்ளை வெறுங்கழுத்தோடு நிற்பார். கபிலன், அந்தப் பல்கனிக் கதவைச் சாத்து. ஸ்டோவ்னரில் ஒன்பதாம் மாடிக்கு எவரும் ஏறி வரமாட்டார்கள். ஆனாலும் சாத்து.

எனக்கு இதைச் சொன்னவன் சுபேசன். குகநேசனுக்கு மச்சான், மனைவியின் தம்பி. கடைசியில் பக்கத்தில் நின்று பார்த்தவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் இவ்வளவு நாளில் சொந்தமாகக் கடை வைத்திருப்பான்.

குகநேசனுக்கு அது கைவந்த கலை. தகப்பன் வழி முழுக்க வியாபாரிகள். வாங்க வருகிறவன் பொருளைப் பார்க்க முன்னம் அவன் செருப்பைப் பார்த்து விலை சொல்கிற ரத்தம். இங்கே பகலில் களஞ்சியம் ஒன்றில் வேலை. பின்னேரங்களில் மண்மேட்டில் பாய்கிற பழைய மோட்டோகுறொஸ் சைக்கிள்களும், பனியில் ஓடுகிற ஸ்னோஸ்கூட்டர்களும் வாங்குவான், கழுவுவான், துடைப்பான், விற்பான். எல்லாம் டூ ஸ்ட்ரோக். எண்ணெயும் பெற்றோலும் ஒன்றாக எரிந்து, நீலப் புகை கக்கி, காது கிழியக் கத்துகிற சாமான்கள்.

இந்த வியாபாரத்தில் முதல் பாடம்... விலை கேட்காதே, எஞ்சினைத் தொட்டுப் பார். குளிர்ந்திருந்தால் விற்கிறவன் நேர்மையான ஆள். சூடாக இருந்தால், நீ வர முன்னமே அவன் இருபது தரம் கயிறு இழுத்து, கெஞ்சி, திட்டி, ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருக்கிறான். நீ வந்து இழுக்கும்போது ஒரே இழுவையில் பிடிக்க வேண்டுமே! குகநேசன் தானே பலருக்குச் செய்த வேலைதான். ஆகவே அடுத்தவன் செய்தால் மணந்து பிடித்துவிடுவான்.

அன்று போனது, குன்வோர் என்ற ஒரு வயதான பெண்ணிடம் ஸ்னோஸ்கூட்டர் வாங்க. புருஷன் இல்லை. பிள்ளைகள் அவளை நகரத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு மாற்றுகிறார்கள். அவசரமாக விற்கிறவள், தனி ஆள், கிழவி. குகநேசன் வழி நெடுக விசிலடித்துக்கொண்டு போனதாகச் சுபேசன் சொன்னான்.

அவசரம் அவனுக்கும் இருந்தது. அது வேறு கணக்கு.

அவனுக்கு ஒரே மகள், சாருகா. இருபத்திரண்டு வயது. அவளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்... பதினைந்து வயதிலிருந்து மோட்டோகுறொஸ் ஓடுகிறவள். தாய் உதயகுமாரி எத்தனை விரதம் பிடித்தும் நிற்கவில்லை. அவளுக்கு ஒரு பழக்கம். எஞ்சினைச் சூடாக்காமல் ஓடவே மாட்டாள். ஸ்டார்ட் பண்ணி, மெல்ல உறுமவிட்டு, கையுறையைக் கழற்றி, சிலிண்டரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். குளிரிலே முறுக்கினால் உள்ளே இருக்கிற பிஸ்டன் முதலில் சூடாகி வீங்கும், வெளியே சிலிண்டர் இன்னும் குளிர்ந்து சுருங்கிக் கிடக்கும். இரண்டும் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஓடுகிற ஓட்டத்திலேயே எஞ்சின் செத்துப்போகும். குகநேசனுக்கு இது தெரியும். ஆனால் பொறுமை கிடையாது.

"என்னடி, பிள்ளைப்பெத்தவளுக்குச் சரக்குக் காய்ச்சிற மாதிரி நிக்கிறாய்? முறுக்கு, முறுக்கு," என்று கத்துவான்.

"நீங்கள் விக்கிற ஆள் அப்பா. நான் ஓடுற ஆள்," என்பாள் அவள். இரண்டு பேருக்கும் அது விளையாட்டு.

அதற்கு முந்தின ஜூனில் விளையாட்டு முடிந்தது. அவள் பரீட்சை எழுதப் போயிருந்தாள். அந்த நேரம் ஒருவன் குகநேசனிடம் வேறு ஏதோ வாங்க வந்தான். மூலையில் நின்ற அவளுடைய நீல மோட்டோகுறொஸ் சைக்கிளைக் கண்டான். கேட்டான். நல்ல விலை சொன்னான். குகநேசன்... கொடுத்துவிட்டான். வேறொன்று வாங்கிக் கொடுக்கலாம்தானே என்று நினைத்தான். சாருகா வந்து கராஜைத் திறந்தாள். தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவள் சத்தம் போடவில்லை, அழவில்லை. அன்றோடு தகப்பனுடன் பேச்சை நிறுத்தினாள்.

எட்டு மாதம். ஒரே வீடு, ஒரே மேசை. "அம்மா, அவரிட்டை உப்பை வாங்கித் தாங்கோ" என்பாள். அப்பா என்ற சொல்லே வீட்டில் இல்லாமற் போய்விட்டது. எதையும் பேரம் பேசி வாங்குகிறவனுக்கு, அந்த ஒரு சொல்லை எந்த விலைக்கும் வாங்க வழி தெரியவில்லை. அதற்குத்தான் இந்த ஸ்கூட்டர். மாசி லீவுக்கு மலையில் ஒரு குடில் எடுத்திருந்தான். ஸ்கூட்டரை அவளுக்கென்று கொடுத்தால் ஒருவேளை வாய் திறப்பாள்.

குன்வோரின் கொட்டில் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. கதவு பனியில் உறைந்து, உதைத்துத்தான் திறந்தது. உள்ளே ஒற்றை பல்பு. வைக்கோல் மணம். எலிப் புழுக்கை மணம். ஸ்கூட்டரை மூடியிருந்த படங்கை இழுத்தான். சீற்றில் தூசி, விரல் பட்டால் கோடு விழுகிற தூசி. கைபிடியில் வெள்ளையாக உறைபனி. ஸ்டார்ட்டர் கயிறு தடி மாதிரி விறைத்திருந்தது.

எஞ்சினை மூடிய பொனற்றைத் தூக்கினான். கையுறையைக் கழற்றினான். தொட்டான்.

சூடு.

எல்லா இடமும் இல்லை. சிலிண்டரின் ஒரு பக்கத்தில் மட்டும். உள்ளங்கை அளவு. சுடவில்லை... மேலுக்குக் காய்கிறதோ என்று ஒரு ஆளைத் தொட்டுப் பார்த்தால் இருக்குமே, அப்படி.

குகநேசனுக்குச் சிரிப்பு வந்தது. கிழவியும் நம்ம ஆள்தான்!

"அம்மா, எஞ்சினைச் சூடாக்கி வைத்திருக்கிறீர்கள். அப்படியென்றால் குளிரில் ஸ்டார்ட் வராத வண்டி. பாதி விலைதான் தருவேன்," என்றான்.

குன்வோர் பேரம் பேசவில்லை. அவன் கையையே பார்த்தாள். கண் கலங்கியது.

"உங்களுக்கும் தெரிகிறதா?" என்றாள். "எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன்."

நடிப்பு என்று நினைத்தான் குகநேசன். துக்கக் கதை கேட்டால் விலை ஏறும் என்பது அவன் படித்த பாடம். ஆகவே காதைப் பாதி மூடிக்கொண்டு, சறுக்குக் கட்டையின் திருகாணிகளை ஆட்டிப் பார்த்தான். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். புருஷன் போய் இரண்டு வருடமாம். ஏரியின் நடுவில் எஞ்சின் இறுகி நின்றுவிட்டதாம். கண்டெடுத்தபோது கை எஞ்சின்மேல் இருந்ததாம். பிறகு மகன் வண்டியைத் திருத்தினானாம், ஆனால் ஒருவரும் ஓடவில்லையாம்.

"அவரும் இதை மலிவாகத்தான் வாங்கினார்," என்றாள். "சூடாக்கி வைத்து ஏமாற்றப் பார்த்தார்கள், நான் விடவில்லை என்று பெருமையாகச் சொன்னார்."

பாதி விலைக்கு முடிந்தது. ஏற்றிக் கட்டிவிட்டுக் காரில் ஏறும்போது அவள் கண்ணாடியைத் தட்டினாள்.

"எவ்வளவு சூடாக இருந்தாலும் நம்ப வேண்டாம். முதலில் ஓடவிட்டுப் பொறுங்கள். அது எஞ்சினின் சூடு இல்லை."

"சரி, சரி," என்றான். விற்ற பிறகு புத்தி சொல்வது விற்கிறவர்களின் வழக்கம்.

எல்வெறுமில் பெற்றோல் அடிக்க நிறுத்தினான். திறந்த ஹெங்கர், ஒரு மணி நேரக் குளிர்காற்று. ஏனோ ஒரு நினைப்பு... போய்ப் பொனற்றைத் தூக்கிப் பார்த்தான். எஞ்சின் முழுக்க வெள்ளை. உறைபனி பூத்திருந்தது. ஒரு இடத்தில் மட்டும் இல்லை. அங்கே இரும்பு கறுப்பாக, ஈரமாக இருந்தது. உள்ளங்கை அளவு. தொட்டான். அதே சூடு.

அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைத்தது. அந்தக் கொட்டிலுக்குள் புகை மணம் இருக்கவில்லை. டூ ஸ்ட்ரோக்கை அடைத்த இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிட்டால், அந்த எரிந்த எண்ணெய் மணம் உடுப்பில் ஏறி இரண்டு நாளைக்குப் போகாது. அங்கே இருந்தது வைக்கோலும் எலியும்.

பொனற்றைச் சாத்தினான். பிறகு, "நல்ல இரும்பு. சூடு பிடிச்சு நிக்குது," என்று தனக்குத்தானே ஒரு விலை சொல்லி, தானே வாங்கிக்கொண்டு, காரில் ஏறினான்.

"அண்ணை, ஹீற்றர் பூட்டியிருப்பாங்கள். எங்கடை காருக்கும் மோட்டோர்வார்மர் இருக்குத்தானே," என்கிறான் கபிலன்.

கேட்பாய் என்று தெரியும் ராசா. அதற்கு வயர் வேண்டும், மின்சாரம் வேண்டும். ஹெங்கரில் எந்தச் சுவரில் கொளுவினாய்? தர்மினி, இவன் வாயில் ஒரு முறுக்கைத் திணி.

சனிக்கிழமை விடிய மலைக்கு வெளிக்கிட்டார்கள். உதயகுமாரிக்கு முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை, வர முடியவில்லை. தாய் கையைப் பிடித்துக் கெஞ்சியதால் சாருகா சம்மதித்தாள். காரில் தகப்பனும் மகளும் மட்டும். மூன்று மணி நேரம், ஒரு சொல் இல்லை. றேனா தாண்டும்போது அவள் தாய்க்குப் போன் எடுத்தாள்.

"அம்மா, எத்தினை மணிக்குப் போய்ச் சேருவம் எண்டு அவரிட்டைக் கேளுங்கோ."

அவர் பக்கத்துச் சீற்றில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருக்கிறார்!

"பதினொரு மணிக்கு எண்டு சொல்லு," என்றான் குகநேசன், போனைப் பார்த்து. போன் வழியாக உதயகுமாரி சிரித்தாள். பிறகு அழுதாளோ என்னவோ... சத்தம் இல்லை.

குடிலுக்கு முன்னால் நீண்ட ஏரி. வெள்ளை. அதைச் சுற்றிப் போகும் ஸ்கூட்டர் தடத்தில் சிவப்புக் கம்புகள் நட்டிருந்தார்கள். பக்கத்துக் குடில்காரர்கள் வந்திருந்தார்கள், ஐந்தாறு ஸ்கூட்டர்கள். அன்று பின்னேரம் ஹெங்கரிலிருந்து வண்டியை இறக்கி, சாவியை மேசையில் வைத்தான் குகநேசன்.

"இது உனக்கு," என்றான்.

அவள் சாவியைப் பார்த்தாள். எடுக்கவில்லை. எழும்பி அறைக்குள் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மைனஸ் இருபத்துநான்கு. குகநேசன் எழும்பி வந்தபோது மேசையில் சாவி இல்லை. சப்பாத்தைக் கொளுவிக்கொண்டு வெளியே ஓடினான். பக்கத்துக் குடில்காரர்கள் எல்லாரும் தங்கள் தங்கள் ஸ்கூட்டர்களைச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். றிங்-டிங்-டிங்-டிங் என்று ஐந்து எஞ்சின்கள் இரும்பை மென்றன. நீலப் புகை எழும்பிப் போக வழியில்லாமல் இடுப்பு உயரத்தில் தேங்கி நின்றது. கண் எரிந்தது.

சாருகா தலைக்கவசத்தோடு நின்றாள். பொனற் திறந்திருந்தது. இடது கையில் கையுறை இல்லை, அவள் இடக்கைக்காரி. உள்ளங்கை சிலிண்டரில் இருந்தது.

அவள் திரும்பினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு தகப்பனின் முகத்தைப் பார்த்தாள்.

"அப்பா," என்றாள்.

குகநேசன் புகையை விலக்கிக்கொண்டு கிட்டப் போனான்.

"நீங்கள் விடிய எழும்பிச் சூடாக்கி வைச்சனீங்களே? எனக்காண்டியோ?"

விளங்குகிறதா உங்களுக்கு? அவள் ஸ்கூட்டருக்கு நன்றி சொல்லவில்லை. சாவிக்கும் இல்லை. காசு போட்டு வாங்கிய எதற்கும் இல்லை. முறுக்கு, முறுக்கு என்று ஏழு வருடம் கத்திய மனிதன், தனக்காகக் குளிரில் எழும்பி, பொறுமையாக நின்று, எஞ்சினைச் சூடாக்கியிருக்கிறான் என்று நினைத்தாள். அதற்குத்தான் அந்த அப்பா.

அவன் சூடாக்கவில்லை. போர்வைக்குள் கிடந்தான்.

கிழவி சொன்னது தொண்டைவரைக்கும் வந்தது. அது எஞ்சினின் சூடு இல்லை. சொல்லலாம். சொன்னால், நான் இல்லைப் பிள்ளை என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தக் கண் திரும்பவும் மறுபக்கம் போய்விடும். தானாக வந்த நல்ல பெயரைத் திருப்பிக் கொடுத்து அவன் பரம்பரையில் எவருக்கும் பழக்கமில்லை.

"ஓம்," என்றான்.

அவள் சிரித்தாள். பொனற்றை மூடினாள். ஒரே இழுவையில் பிடித்தது.

"அப்ப நான் நிக்கத் தேவையில்லை. ஒரு மணித்தியாலத்திலை வந்திடுவன். தேத்தண்ணி வையுங்கோ!"

முறுக்கினாள். வண்டி பனியைப் பிய்த்தெறிந்துகொண்டு ஏரிக்குள் இறங்கியது. அவன் கை உயர்ந்தது. கூப்பிடவா, வழியனுப்பவா என்று அவனுக்கே தெரியாது. எஞ்சின் சத்தம் மேலே மேலே ஏறி, மெலிந்து, ஊசி மாதிரி ஆகி, தூரத்தில் போனது. குளிரில் சத்தம் வெகுதூரம் கேட்கும்.

பிறகு ஒரு கீச். சின்னதாக. கதவு ஒன்று உராய்ந்த மாதிரி.

பிறகு... ஒன்றும் இல்லை.

படம் எடுக்க நிறுத்தியிருக்கிறாள் என்று நினைத்தான் குகநேசன். உள்ளே போனான். தேத்தண்ணி வைத்தான். அப்பா, அப்பா என்று அவள் சொன்ன மாதிரியே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஜன்னல் ஓரம் இருந்து குடித்தான். அவளுக்கு வைத்த கோப்பையில் ஆடை படர்ந்தது. பதினொரு மணிக்கு மலைப்பக்கமிருந்து மூடிக்கொண்டு பனி கொட்டத் தொடங்கியது. கம்பும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் அவன் பக்கத்துக் குடில் கதவை இடித்தான்.

நான்கு மணிக்குக் கண்டார்கள். தடத்திலிருந்து விலகி, ஏரியின் நடுவில். மேலே பனி, கீழே ஐஸ், இரண்டுக்கும் இடையில் தண்ணீர் தேங்கி நிற்கிற இடம். இறங்கியவுடன் முழங்கால் மட்டும் நனைந்திருக்கிறாள். போனுக்கு அங்கே சிக்னல் இல்லை. நடந்து போன அடியும், வழி தெரியாமல் வண்டிக்கே திரும்பி வந்த அடியும் பாதி மூடிக் கிடந்தனவாம். பொனற் திறந்திருந்தது. அவள் வண்டியோடு சாய்ந்து இருந்தாள். இடது கையில் கையுறை இல்லை. உள்ளங்கை சிலிண்டரின்மேல். ஒட்டியிருந்தது. வெந்நீர் ஊற்றித்தான் எடுத்தார்கள்.

வண்டியைப் பிரித்துப் பார்த்தவர்கள் பிஸ்டன் இறுகியிருக்கிறது என்றார்கள். வந்த பொலீஸ்காரர் மரியாதையான மனிதர். வீட்டுக்கு வந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"எஞ்சினைச் சூடாக்காமல் ஓடியிருக்கிறார். பழக்கமில்லாதவர்கள் விடுகிற தவறு."

"அவளோ?" என்றாள் உதயகுமாரி, தமிழில். பொலீஸ்காரருக்கு விளங்காது என்பதே அவளுக்கு நினைவில்லை. "கேத்திலையே தொட்டுப் பாத்துத்தான் தேத்தண்ணி ஊத்துற பிள்ளை. அவளோ சூடாக்காமல் போனவள்?" பிறகு கணவன் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்கோ, நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள்தானே? சொல்லுங்கோவன்."

குகநேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தான். பழக்கமில்லாதவள் என்று எழுதிக்கொண்டு போனார் பொலீஸ்காரர்.

ஸ்கூட்டரைக் கொண்டுவந்து லோறென்ஸ்கூக்கில் வீட்டுக் கராஜுக்குள் விட்டார்கள். அவன் அந்தப் பக்கமே போகவில்லை. களஞ்சிய வேலையையும் விட்டான். டூ ஸ்ட்ரோக் சத்தம் தெருவில் கேட்டால் ஜன்னலைச் சாத்துவான்.

ஏப்ரல் கடைசியில் ஒருநாள் குன்வோர் போன் எடுத்தாள். புது வீட்டில் நித்திரை வரவில்லையாம். விற்றது பிழையாம். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த எஞ்சினை மட்டுமாவது திருப்பித் தரச் சொன்னாள். அவளுக்கு நடந்தது ஒன்றும் தெரியாது. அவனும் சொல்லவில்லை.

"சும்மா கொண்டுபோங்கள்," என்றான். வாழ்க்கையில் முதல் தடவை விலை இல்லாமல்.

சுபேசன்தான் லில்லெஸ்ட்ரோம் ஸ்டேஷனுக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். நல்ல வெயில், பிளஸ் ஒன்பது. கூரையிலிருந்து உருகிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கராஜ் கதவை உயர்த்தினார்கள். உதயகுமாரியும் வந்து நின்றாள். குகநேசன் வாசலோடு நின்றுவிட்டான்.

குன்வோர் நேரே போனாள். பொனற்றைத் தானே திறந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, இடம் தேடாமல், பழகிய கதவைத் தொடுகிற மாதிரி உள்ளங்கையை வைத்தாள். முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது...

போனது.

கையை எடுத்தாள். திரும்ப வைத்தாள். விரல்களை மெல்ல நகர்த்தினாள்.

"இது அவர் கை இல்லை," என்றாள். "அவருக்குப் பெரிய கை. இது சின்னது."

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சின்னக் கை. இடது கை."

உதயகுமாரி அவளைத் தள்ளிக்கொண்டு போனாள். கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. "சாரு... என்ரை குஞ்சு..." பிறகு திரும்பிக் கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, வாங்கோ! எங்கடை பிள்ளையப்பா! வந்து தொட்டுப் பாருங்கோ, சூடாயிருக்கு!"

குகநேசன் வந்தான். அவள் கையை எடுத்து இடம் விட்டாள். அதே இடத்தில் அவன் தன் வலது உள்ளங்கையை வைத்தான்.

இரும்பு சீறியது. ஸ்ஸ்ஸ்... என்று. சூட்டில் சீறுவது இல்லை, அது வேறு. அவன் விரலைச் சுற்றி வெள்ளையாக உறைபனி பூத்து, பார்த்துக்கொண்டிருக்கவே மணிக்கட்டுக்கு ஏறியது. அவன் கையை இழுத்தான். வரவில்லை. தோல் இரும்போடு ஒட்டியிருந்தது. பிளஸ் ஒன்பதில்.

"அத்தான், இழுக்காதேங்கோ! தோல் கிழியும்!" என்று சுபேசன் பாய்ந்தான். உதயகுமாரி உள்ளே ஓடிக் கேத்திலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆவி பறந்தது. அவன் கையில் மெல்ல மெல்ல ஊற்றினாள். சுண்டுவிரல் விட்டது. மோதிர விரல் விட்டது.

அப்போதுதான் குகநேசன் எஞ்சினோடு கதைக்கத் தொடங்கினான். குனிந்து, காதுக்குள் சொல்கிற மாதிரி.

"பிள்ளை... அண்டைக்கு நானில்லையம்மா. நான் சூடாக்கேல்லை. நீ கேட்ட உடனை ஓம் எண்டிட்டன். நீ அப்பா எண்டு கூப்பிட்டாய்... அதுக்காண்டி ஓம் எண்டிட்டன்."

ஊற்றிய தண்ணீர் நின்றது.

உதயகுமாரி கேத்திலை நிமிர்த்தினாள். மெதுவாக, சத்தம் வராமல், சீமெந்துத் தரையில் வைத்தாள். வீட்டுக்குள் போனாள். பூட்டு விழுகிற சத்தம் கேட்டது.

அவன் உள்ளங்கையும் மூன்று விரலும் இன்னும் இரும்பிலே இருந்தன. நீங்கள் கேட்ட கையுறைக்குக் காரணம், அந்தத் தோல் அங்கேயே தங்கிவிட்டது. சுபேசன் கேத்திலைத் தூக்கினான். நல்ல பாரம். பாதிக்கு மேல் இருந்தது. கேத்திலின் வாயிலிருந்து ஆவி இன்னும் போய்க்கொண்டிருந்தது.

சரித்தான். முழுக்கக் கவிழ்த்தான்.

ஒரு சொட்டும் விழவில்லை.